தலையணைக்கு அடியில் ஒரு வைர லென்சு

தேவாரம் மச்சான் சுருளிராஜன் அவர்கள் சமூகத்துக்கு, மார்க்கையன்கோட்டை ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. பதினோரு வருடம் இழுத்த உங்கள் நில வழக்கு வெள்ளிக்கிழமை ஜெயித்ததில் எனக்கு மெத்த சந்தோஷம். வியாழனன்று உங்கள் தங்கச்சி பாண்டீஸ்வரி கொடுத்தனுப்பிய அதிரச டப்பா வந்து சேர்ந்திருக்கும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

உங்கள் மருமகள், எங்கள் மகள் யுவராணி பெங்களூரிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். வைரத்தைத் தேய்த்து லென்சு ஆக்குவது அவள் வேலை. ஓரம் சிதைந்ததால் கழித்துவிட்ட ஒன்றை, திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள், சட்டைப் பொத்தான் அளவுதான். தொழில் பழகியபோது அதே அளவில் செய்த கண்ணாடி லென்சு ஒன்றும் கொண்டுவந்தாள். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் தள்ளிவிடுவார்களாம். "எதை வச்சுத் தேய்ப்பே?" என்றேன். "வைரத்தூளை வச்சுத்தாம்ப்பா." "அந்தத் தூளை?" "வேற வைரத்தை வச்சு." "அப்ப மொத வைரத்தை?" அவள் சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு இரண்டு நாள் அதே யோசனை. ஐஸ் கட்டி மேல் அந்த வைரத்தை விரலால் பிடித்து அழுத்தச் சொன்னாள், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது மச்சான். "ஒங்க கைச்சூடுதாம்ப்பா அது வழியாப் பாயுது" என்றாள். மூச்சு விட்டால் மங்கி, உடனே தெளிகிறது. ஏழு ஐஸ் கட்டியை வெட்டினேன்.

அவளை ஜெர்மனிக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வைரம் ஒத்துக்கொள்ளுமா என்று மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். "இது மெஷின்ல வளத்த வைரம்ப்பா" என்றாள். "எங்கன வளந்தா என்ன, வைரம் வைரந்தேன்" என்று பாண்டீஸ்வரியே வாங்கி என் தலையணைக்குக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை மோட்டார் காயில் எரிந்து, சனிக்கிழமை காற்றில் நாற்பது வாழை சாய்ந்து, இன்று காலை என் பல்செட்டை நாய் கவ்விக்கொண்டு ஓடி, கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன். இனி இந்தத் தொழிலே வேண்டாம், ஜெர்மனியும் வேண்டாம். தாய்மாமன் நீங்கள் சொன்னால் கேட்பாள். உள்ளதைச் சொன்னால், அவள் அவ்வளவு தூரம் போவதுதான் எனக்குப் பயம். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் பால்வண்டிக்காரன் சங்கிலியிடம் கடிதமாகக் கொடுக்கிறேன்.

அத்தாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. சுருளி வேலப்பர் உங்களைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு: சங்கிலி டீ குடிக்கும் நேரத்தில், கடைசியாக ஒரு ஐஸ் கட்டியை வெட்டிப் பார்ப்போம் என்று தலையணைக்கு அடியில் இருந்ததை எடுத்து அழுத்தினேன். விரல்தான் மரத்துப்போனது. மூச்சு விட்டேன், மங்கியது மங்கியபடியே நின்றது. கண்ணாடி. பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கெழம தீர்ப்புன்னு வக்கீல் சொன்னாகல்ல, மொதல்ல எங்க அண்ணனுக்கு நல்லது நடக்கட்டும்னு அதிரச டப்பாவுல வச்சு அனுப்பிட்டேன்" என்கிறாள். ஆக மூன்று நாளும் வைரம் இருந்தது உங்கள் வீட்டில், வழக்கும் ஜெயித்துவிட்டது. இனி வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. போய்ட்டு வா என்று நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அழுதுவிடுவேன். லென்சை சங்கிலியிடமே கொடுத்தனுப்புங்கள், நாளை அவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை அதிரசத்தைப் பிட்டுப் பார்த்துத் தின்னுங்கள். கடித்தால் பல்தான் போகும், லென்சுக்கு ஒன்றும் ஆகாது.