லண்டன் சிஸ்டரும் பார்வையாளர் நேரமும்

உலகத்தில் கண்டிப்பானவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் பிறந்த தேதியைச் சொன்னால்தான் காபி டம்ளரைக் கையில் கொடுப்பேன் என்று நின்ற ஒரே பெண்மணி சேலையூரில் எங்கள் எதிர் ஃபிளாட்டில்தான் இருந்தார். அவர் பெயர் லண்டன் சிஸ்டர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும், ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எங்கள் அபார்ட்மெண்டில் யாருக்கும் வரவில்லை.

உண்மையில் அவர் லண்டனில் வேலை பார்த்ததே கிடையாது. முதலில் சவூதியில் நர்ஸ். பிறகு இங்கிலாந்தின் வடக்கே, ஆடுகள் அதிகமாகவும் மனிதர்கள் குறைவாகவும் வசிக்கும் ஓர் ஊரில் நர்ஸ். முழங்கால் தேய்ந்தபின் வேலையை விட்டு ஊர் திரும்பினார். "லண்டன் இல்ல, லண்டன்லேர்ந்து ரொம்ப தூரம்" என்று வந்த புதிதில் எல்லோரிடமும் திருத்திப் பார்த்தார். எங்கள் கேம்ப் ரோட்டு ஜனங்களைப் பொறுத்தவரை விமானம் ஏறி இறங்கினால் ஒன்று துபாய், இல்லாவிட்டால் லண்டன். அவரும் களைத்துப்போய் விட்டுவிட்டார்.

அங்கே மாத்திரை கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்க வேண்டுமாம். தினமும் பார்க்கிற ஆளாக இருந்தாலும் கேட்க வேண்டுமாம். ஆயுள் முழுக்க அப்படிக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி வராமல் அவர் கையிலிருந்து எந்தப் பொருளும் பிரியாத நிலைமை வந்துவிட்டது. காபி, கொழுக்கட்டை, கிறிஸ்துமஸ் கேக், இரவல் கேட்ட கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் இதே விசாரணைதான். அதில் மாட்டிக்கொண்டவர் என் அப்பா. அப்பாவுக்கு இரண்டு பிறந்த நாள். நிஜமாகப் பிறந்தது ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தது இன்னொன்று. அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்.

"சார், போன தடவை நவம்பர்னீங்க. இப்ப ஜூன்ங்கறீங்க. இந்த கேக் எந்த சாருக்கு?"

"பெரிய பீஸ் எந்த சாருக்கோ, அந்த சாருக்கு" என்பார் அப்பா.

ஒருநாள் எங்கள் வாட்ச்மேன் படியில் வழுக்கி விழுந்தார். சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு இறங்கி வந்து அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. வலி எவ்வளவு?"

"அது இன்னாக்கா லாட்டரி மாரி கேக்குற? வலிக்குதுக்கா. உயிர் போவுது."

"உயிர் போகுதுங்கறது நம்பர் இல்ல."

"அப்ப பத்து போட்டுக்கோ."

"பத்துன்னா பேச்சே வராது. நீங்க பேசறீங்க."

"சரி, ஒம்போது."

"அழலையே?"

"ஏழுக்கா. அதுக்குக் கீழ வராது."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்கூட இப்படிப் பேரம் நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் நாலுக்குப் படிந்தது. அதற்குள் வாட்ச்மேன் வலியையே மறந்துபோய், தான் ஏமாற்றப்பட்டுவிட்டோமோ என்ற யோசனையில் இருந்தார்.

அந்த ஊர் வைத்தியம் உசத்தியா, நம்ம ஊர் உசத்தியா என்று யாராவது கேட்டால் மட்டும் சிஸ்டர் பட்சபாதம் பார்க்காமல் இரண்டையும் திட்டுவார். "அங்க ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வரும்போது யாரும் பில் நீட்டமாட்டாங்க. ஆனா முட்டி ஆபரேஷனுக்குப் பேரைக் குடுத்துட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கணும். இங்க காலைல வலிக்குதுன்னா சாயங்காலம் ஸ்கேன் எடுத்துடுவாங்க. வலிக்கலைன்னாலும் எடுத்துடுவாங்க."

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு நம் ஊர் மேல் தீராத கோபம். நோயாளியைப் பார்க்க வரும் கூட்டம். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்பது பேர் ஃபிளாஸ்கோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்வதையும், அதில் ஒருத்தர் அந்தக் கட்டிலிலேயே கால் நீட்டுவதையும் அவரால் பொறுக்க முடியாது. "ஊசி போடப் போனா யாருக்குப் போடறதுன்னே தெரியாது. அங்க ரெண்டே பேர், அதுவும் விசிட்டிங் டைம்ல மட்டும்தான்" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் என் அப்பாவுக்குத் துணையாகவும் காவலாகவும் இருக்கும் பொறுப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சனிக்கிழமை காலை பைபாஸ். அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டில் இருந்தார். நோயாளியோடு ஒருத்தர்தான் இருக்கலாம் என்று ஒரே ஒரு அட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதைச் சிஸ்டர் என்னிடமிருந்து வாங்கி ஜனாதிபதி பதக்கம் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நீ போய் இன்ஷூரன்ஸ் ஆளுங்களைப் பாரு தம்பி. இங்க நான் இருக்கேன்." எனக்கும் நிம்மதிதான்.

அப்பா காலையிலிருந்து வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய ஒரே தங்கை, என் கமலா அத்தை. இருப்பது பல்லாவரத்தில். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் இரண்டே ஸ்டேஷன். ஆனால் என் கல்யாணத்திலிருந்து அத்தை அப்பாவோடு பேசுவதில்லை. காரணம், தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்து நேரில் போய் அழைக்க வேண்டிய தங்கைக்கு, கால் சுளுக்கு என்று அப்பா வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார். அதுவும் வாழ்நாள் முழுக்கத் தபால்துறையில் வேலை பார்த்த மனிதர். ஒரு ஸ்டாம்பாவது ஒட்டியிருக்கலாம். அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு எதற்குமே வரவில்லை.

ஆபரேஷன் என்று முடிவானதும் அத்தைக்கு நான் போன் செய்து சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். அப்பா என்னிடம் "கமலா நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் "சும்மாதான் கேட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளைக்கு ஏதாவது ஆகிவிடுவதற்குள் தங்கையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

மூன்று மணி சுமாருக்கு இன்ஷூரன்ஸ் மேஜையிலிருந்து மேலே வந்தேன். சிஸ்டர் வார்டுக்கு வெளியே பெருமையாக நின்றுகொண்டிருந்தார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு அம்மா வந்தாங்க தம்பி. ஃபிளாஸ்க், கூடை, பூ எல்லாம் இருந்துது. அண்ணனைப் பாக்கணும்னாங்க. விசிட்டிங் டைம் நாலரைலேர்ந்து ஆறு, அப்ப வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நான் அவசரமாகக் கேட்டேன்: "ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி இருந்துதா?"

"இருந்துதே. ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன். அத்தை ஒரு கடையில் தேங்காய் அழுகலாக இருந்தது என்பதற்காக அந்தத் தெருவையே விட்டவர். வாசல் வரை வந்தவரைத் திருப்பி அனுப்பினால் இனி ஜன்மத்துக்கும் வரமாட்டார். சிஸ்டரின் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக மாறியது. கழுத்து அட்டையை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு நேராக டியூட்டி நர்ஸிடம் போய், அப்பாவின் பெயர், இரண்டு பிறந்த தேதிகள், நாடித்துடிப்பு, காலையிலிருந்து குடித்த தண்ணீர் வரை ஒப்பித்துப் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்தார். அந்தச் சின்னப் பெண் பயத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆட்டோ பிடி" என்றார் என்னிடம்.

ஆட்டோ குரோம்பேட்டை தாண்டியதும் நின்றது. அப்புறம் நகரவே இல்லை.

"இன்னாண்ணா, வேற வழி இல்லையா?" என்றேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம சார். சந்த கீது. மொத்த ஊரும் வந்துகினு கீது. பேஜாரு."

சிஸ்டர் வெளியே பார்த்தபடி இருந்தார். நான் கேட்காமலே பேசினார். "அங்க விசிட்டிங் டைம் ஆனா வார்டுக் கதவைத் திறந்து வைப்போம். சில கட்டிலுக்கு யாருமே வரமாட்டாங்க. பசங்க எல்லாம் வேற ஊர்ல இருப்பாங்க. அந்தத் தாத்தாங்க எல்லாம் தலைய வாரிக்கிட்டு ரெடியா இருப்பாங்க. கை காலியா இருந்தா நாங்களே போய் நாற்காலியப் போட்டு உக்காருவோம், பாக்க வந்த மாதிரி. மழையப் பத்திப் பேசுவோம். நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தாலும் 'வந்ததுக்கு தேங்க்ஸ்'னு சொல்லுவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்த ஆளையே நான் திருப்பி அனுப்பிட்டேனே தம்பி."

ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். அந்த முழங்காலோடு அவர் எனக்கு முன்னால் போனார்.

அத்தை வீட்டுக் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, சிஸ்டரைத்தான் பார்த்தார்.

"நீங்க எங்க அண்ணனுக்கு யாரு?"

"எதிர் வீடுங்க."

"எதிர் வீடு உள்ள. கூடப் பொறந்தவ வெளிய. நல்லா இருக்கு."

"தப்புதாங்க" என்றார் சிஸ்டர். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "உங்களைக் கூப்பிடத்தான் நேர்ல வந்திருக்கேன். வாங்க."

நேரில் வந்திருக்கேன் என்றதும் அத்தைக்கு மேற்கொண்டு கோபப்பட வழி கிடைக்கவில்லை. செருப்பைத் தேடினார்.

சந்தை நெரிசலுக்குப் பயந்து ரயிலில் திரும்பினோம். மருத்துவமனை வாசலை அடைந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து கிரில் கதவை இழுத்துவிட்டார்கள். செக்யூரிட்டி மலைபோல் நின்றார். நேரம் முடிந்தபின் அட்டையை ஆள் மாற்றக் கூடாது என்று போர்டு வேறு தொங்கியது. அத்தை "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

சிஸ்டர் சுற்றிப் பார்த்தார். எமர்ஜென்சி வாசலில் சும்மா கிடந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க."

"எனக்கு என்ன வியாதி?"

"கால் வலிக்குதா, இல்லையா?"

"அது பத்து வருஷமா வலிக்குது."

"அப்ப உக்காருங்க."

அத்தை கூடையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். நாற்காலி நேராக செக்யூரிட்டியை நோக்கி உருண்டது.

"இன்னா மேடம், அட்மிசனா?"

சிஸ்டருக்குப் பொய் வராது. அதனால் வேகத்தைக் குறைக்காமல், "இவங்களை மேல இதய வார்டுல ஒருத்தர் அவசரமா பாக்கணும். வழி விடுங்க" என்றார். அந்தக் குரலில் ஒரு முழு வார்டை ஆண்டிருந்த அதிகாரம் இருந்தது. செக்யூரிட்டி கதவைத் திறந்ததோடு லிஃப்ட் பட்டனையும் அழுத்திக் கொடுத்தார்.

அப்பா முழித்துக்கொண்டிருந்தார். தங்கை சக்கர நாற்காலியில் வருவதைப் பார்த்துப் பதறிப்போனார். "கமலா, உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆவல. கல்யாணத்துக்காவது போன்ல கூப்பிட்ட. ஆபரேசனுக்கு அதுகூட இல்ல" என்றார் அத்தை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

சிஸ்டர் வெளியே வந்து கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த டியூட்டி நர்ஸைக் கை நீட்டித் தடுத்தார். "இப்ப பாத்தா சரியா காட்டாதும்மா. கொஞ்ச நேரம் கழிச்சு வா."

இதோடு முடிந்திருந்தால் அவர் லண்டன் சிஸ்டரே இல்லை. உள்ளே அழுகை அடங்கியதும் நேராக நர்ஸிங் சூப்பிரண்டிடம் போய், தான் விதியை மீறிவிட்டதாகத் தன் மேல் தானே புகார் கொடுத்தார். அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பரவால்ல மேடம், விடுங்க" என்றார். "எப்படி விடுவீங்க? ஆக்‌ஷன் எடுங்க" என்று சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவருடைய அட்டையை வாங்கி அத்தையின் கழுத்தில் மாட்டினார்கள்.

அதனால் மறுநாள் ஆபரேஷன் நடந்தபோது சிஸ்டருக்கு உள்ளே இடமில்லை. எதிரில் டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கவில்லை. கடைக்காரர் எழுந்திருக்கச் சொன்னாரா, சொல்லப் பயந்தாரா என்று தெரியாது.

டாக்டர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சுது" என்றதும் நான் படியில் இறங்கி ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும், ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்றினார்கள், சிறுநீர் சரியாகப் போகிறதா, கண்ணைத் திறந்தாரா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. திட்டினார். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார், விடவில்லை.

போன வருடம் அவர், அங்கேயே தங்கிவிட்ட தன் மகளோடு இருக்க மறுபடியும் அந்த ஆட்டு ஊருக்கே போய்விட்டார். எதிர் ஃபிளாட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அப்பா பிழைத்துவிட்டார் என்ற செய்தியை உலகத்தில் முதல் ஆளாகச் சொல்ல நான் ஓடியது அந்த டீக்கடைக்குத்தான். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான் போன் செய்தேன்.