சவரிமுத்துக் கிராணியின் பெரட்டில் ஜோசலின்

சிலிபின், ஈப்போ.
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத ரோசம்மா அக்காவுக்கு, தம்பி லூர்துசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் நலம். எனக்கு முட்டிவலி, வீட்டுக்காரிக்கு என்னால் தலைவலி, மற்றபடி குறையில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் உன் சுகமும் அத்தான் சுகமும் அறிய ஆவல். நீ கொடுத்தனுப்பிய நெத்திலி பத்திரமாக வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுப் பூனைக்கும் தகவல் போய்விட்டது, வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ அத்தானிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிக்காதே அக்கா. போனைத் தொடவே பயமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

விஷயம் நம் மகள் ஜோசலின். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கியவள் என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பட்டமளிப்புப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பி எல்லார் வயிற்றெரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். மலாய் பேசுவாள், ஆங்கிலம் பேசுவாள், மாண்டரின் தெரியாவிட்டால் வேலையில்லை என்று சொல்வார்களே என்று சின்ன வயதிலேயே சீனப் பள்ளியில் போட்டேன், அதுவும் பேசுவாள். ஆனாலும் எழுதிப்போட்ட இடமெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மட்டும் நேரில் கூப்பிட்டார்கள். போய் வந்தவள், 'எல்லாத்துக்கும் பதில் சொன்னேன் பா, அந்த மேடம் கை குடுத்து அனுப்பினாங்க' என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள். நான் கேக்கே வாங்கிவிட்டேன். கேக் தீருவதற்குள் வருந்துகிறோம் என்று மெயில் வந்துவிட்டது. இதில் ஒரு விசித்திரம் பார், இந்த வருந்துகிறோம் எல்லாமே விடியுமுன், இருட்டோடு வருகின்றன. எந்தக் கம்பெனிக்காரன் அந்நேரத்துக்கு எழுந்து வருந்துவான்? அது நாம் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்தில் பெரட்டுக்கு ஆளைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற நேரம் அல்லவா என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ என்னைத் திட்டுவாய். வேலைக்கு எழுதிப்போடும்போது, இந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரைக் காட்ட வேண்டுமாம். ஒன்று அவளுடைய விரிவுரையாளர். இன்னொன்றுக்கு யாரோ கூடப்படித்த பிள்ளையைப் போடப் போனாள். நான் விடவில்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு வார்த்தை சொன்னால்தான் நம் ஆட்களுக்கு வேலை, கிராணி சொல்லாவிட்டால் ஆண்டவனே சொன்னாலும் வேலையில்லை என்று வளர்ந்தவன் நான். 'நம்ம சவரிமுத்து தாத்தா பேரப் போடு, எஸ்டேட் தலைமைக் கிராணின்னு போடு, ஆபீஸ் நம்பரும் எனக்கு மனப்பாடம்' என்றேன். 'அவரு செத்துட்டாருல்ல பா?' என்றாள். 'எவன் போன் போட்டுப் பாக்கப் போறான்? பேருல ஒரு கனம் இருக்கு லா, அது போதும்' என்றேன். அவளும் சரி போட்டுவிட்டேன் என்றாள். சவரிமுத்து மாமா போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று, பீடோர்ப் பக்கம் அந்த ஆபீஸை இடித்துச் செம்பனை நட்டு, அந்தச் செம்பனையே கிழமாகிவிட்டது. ஆகவே ஒரு சிபாரிசுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

கையுறைக்காரன் கைவிரித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். ஒருவேளை நிஜமாகவே விசாரித்து, அந்த நம்பர் செத்த நம்பர் என்று தெரிந்து, நம்மைப் பொய்க்காரர்கள் என்று நினைத்துவிட்டார்களோ? சோதித்துப் பார்க்கலாம் என்று நல்ல பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், சோபாவில் உட்கார்ந்து அந்த நம்பரைத் தட்டினேன். மணி அடித்தது அக்கா. எடுத்தார்கள். முதலில் அந்தச் சுருட்டு இருமல் கேட்டது, உனக்குத் தெரியாதா அந்த இருமல், தோட்டமே நடுங்கும். பிறகு, 'ஆபீஸ். யாரு?' என்றது குரல். என் வாய் தானாகவே, 'மாமா, நான் லூர்து' என்றது. 'லூர்தா? சத்தமா பேசு, இங்க மழ கொட்டுது' என்றார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. சிலிபினில் ஒரு பொட்டுத் தூறல் கிடையாது, கொடியில் துணி மொறமொறவென்று காய்கிறது. என்ன கேட்பதென்று தெரியாமல், 'நம்ம ஜோசலின் விஷயமா...' என்று இழுத்தேன். அவருக்குக் குரலே குளிர்ந்துவிட்டது. 'தங்கமான புள்ள லா! பெரட்டுக்கு ஒரு நாள் தப்பினதில்ல. பேரு கூப்பிட்ட ஒடனே இருக்கேன்னு சொல்றா. எவன் வந்து கேட்டாலும் நான் விடுறதா இல்ல' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து மகள் அறைக்கதவை மெல்லத் திறந்து பார்த்தேன். போர்வைக்குள் சுருண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று திரும்பினேன். கண்ணைத் திறக்காமலே, தெளிவாக, 'இருக்கேன் ஐயா' என்றாள். அதற்குப் பிறகும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி கூட்டுமாறும் கையுமாக வந்து, 'எவன் லா செம்மண்ண மிதிச்சிட்டு வீட்டுக்குள்ள வந்தது?' என்று கத்தினாள். வாசலில் ஜோசலின் செருப்பு ஈரமாகக் கிடந்தது. பாவம், பல மாதமாகவே, 'தூங்கி எந்திரிச்சாலே ஒரு நாள் வேலை பாத்த மாதிரி அசதியா இருக்கு பா' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையில்லாத பிள்ளைக்கு என்ன அசதி என்று திட்டியிருக்கிறேன். அவளா வேலையில்லாதவள்? உயிரோடிருக்கிற எந்தக் கம்பெனிக்கும் கொடுக்காமல் மாமா பிடித்து வைத்திருக்கிறார், அதனால்தான் எல்லாரும் வருந்துகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அழகப்பன் செட்டியாரைக் கெஞ்சி அவர் காரில் பீடோருக்குப் போனேன். செட்டியார் கெட்டிக்காரர், செம்பனைக்குள் மாமாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததும், 'நான் எறங்கல, கதவத் தொறந்தா ஏர்கான் வெளிய போயிரும்' என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மட்டைகளை ஒதுக்கி மாமாவின் கல்லறையைக் கண்டுபிடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப் போன கோப்பி ஓ கடுங்காப்பியைச் சிலுவையில் மாட்டி, முழங்காலில் நின்று, புள்ளைய விட்டுருங்க மாமா என்று வாய்விட்டு அழுதேன். சட்டைப்பையில் போன் அடித்தது. அதே நம்பர். 'அங்க யாருகிட்ட கத்திக்கிட்டு இருக்க? நான் ஆபீஸ்ல இருக்கேன்' என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது அக்கா. சின்ன வயதில் அவர் முன்னால் மூச்சு விடாதவன், அன்று எல்லாவற்றையும் கொட்டினேன். 'உயிரோட இருக்குற புள்ளய செத்த தோட்டத்துல நிறுத்தி வச்சிருக்கீங்களே, இது நியாயமா? வெளிய அவளுக்கு நல்ல நல்ல வேலை காத்துக்கிட்டு இருக்கு!' என்றேன். மழை மட்டும் கேட்டது. 'வெளிய அவள யாருடா பேரு சொல்லிக் கூப்பிடுறான்?' என்றார். 'கூப்பிடுவான், ஆயிரம் பேரு கூப்பிடுவான், நீங்க விடுங்க' என்றேன். 'சரி, பேர வெட்டிட்டேன்' என்று வைத்துவிட்டார். காருக்கு வந்தால், அழகப்பன் போனைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, 'என்னங்க இது, இந்த எடத்துல லைனே கெடைக்கல' என்கிறார்.

அதன் பிறகு வாசலில் மண் இல்லை, தூக்கத்தில் பேச்சு இல்லை. தடை நீங்கிவிட்டது, இனி அவளுக்கு வேலை வருவது உறுதி. ஆகவே நீ கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்களையும் கொடு. மாதாவின் நிழல் உங்கள் வீட்டின் மேல் எப்போதும் இருக்கட்டும்.

உன் வாயாடித் தம்பி,
லூர்துசாமி

பின்குறிப்பு: அக்கா, உறையில் போடுமுன் ஜோசலின் இதைப் படித்துவிட்டாள். 'தாத்தா பேர நான் போடவே இல்ல பா, நீங்க கத்துவீங்கன்னு போட்டேன்னு சொன்னேன்' என்கிறாள். அப்படியானால் எவனும் மாமாவிடம் விசாரிக்கவில்லை, மாமா எதையும் தடுக்கவில்லை. 'பின்ன ஏன்மா உன்ன வேணாங்கறாங்க?' என்று கேட்டேன். 'தெரியல பா. விடியக்காலைல வர்ற மெயிலெல்லாம் கம்ப்யூட்டரே அனுப்புறது. முக்காவாசி எடத்துல என் பேர ஒரு மனுஷன்கூடப் படிச்சிருக்க மாட்டாங்க' என்றாள். பிறகு, 'நெசமாவே அந்தத் தாத்தா என்னத் தங்கமான புள்ளன்னு சொன்னாரா பா?' என்று கேட்டாள். அக்கா, அவளை வேண்டும் என்று சொன்ன ஒரே இடத்தில் போய் நானே சண்டை போட்டுப் பெயரை வெட்ட வைத்திருக்கிறேன். இப்போது நான் கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார். உன் மேல்தான் அவருக்கு உயிர். நீ ஒரு தடவை போன் போடேன். வேலை எதுவும் தர வேண்டாம், காலையில் அவள் பெயரை மட்டும் கூப்பிடச் சொல்.