ஆயுசு பவுடருக்கு நூறு பேர்

அன்புத் தம்பி மகன் ஆசிபுக்கு, முத்தியால்பேட்டையிலிருந்து பெரியத்தா பாவா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்ல வேண்டிய நிலைமையை உண்டாக்கியவன் நீ. சென்னையில் நீ சுகமாகத்தான் இருப்பாய். போனை எடுக்காதவர்களுக்கு ஒரு குறை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டுத் தையல்காரி அமுதவல்லி. திட்டுகளில் பாதியை எழுத மாட்டேன் என்கிறாள்.

ஃபெஞ்சல் புயலில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, அமுதவல்லி தைக்க வைத்திருந்த துணியெல்லாம் மிதந்த வருஷம். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் நீ கோட்டு போட்டுக்கொண்டு வந்தாய். பள்ளிவாசலுக்காக மவுத்துச் சேதி சொல்லும் வேலையை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் இறப்பைப் பதியும் முன்னே வீடு வீடாகப் போய், வாசலில் நின்றபடியே பேரும் அடக்க நேரமும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். அந்த ஞாபகத்தைத்தான் நீ கேட்டாய். "பெரியத்தா, எங்க கம்பெனியில மொத வேலயே லிஸ்ட்டு போடறதுதான். ஒங்களுக்குத் தெரிஞ்ச நூறு பேரு சொல்லுங்க. ஆளுக்கு ஒரு டப்பா ஆயுசு பவுடர். அவுங்க ஆளுக்கு நூறு பேரு சொல்லுவாங்க. நீங்க சும்மா ஒக்காந்திருக்கலாம்."

தெருவாரியாக, அத்தா பேரோடு, தொண்ணூற்றொன்பது பேர் சொன்னேன். நூறாவது வரவில்லை, உன் பேரையே சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே எழுதினாய். மறுநாள் வந்து கத்தினாய்: "பெரியத்தா, இதுல தொண்ணூத்தொரு பேரு செத்துட்டாங்க!" ஏண்டா, தெரிஞ்சவங்கன்னுதானே கேட்ட? உயிரோட இருக்கறவங்கன்னு கேட்டியா?

மிச்சம் எட்டுப் பேர் வீட்டுக்கு என்னையே அனுப்பினாய். மஹ்பூபாவின் புருஷன் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் உள்ளே திரும்பி, "அய்யோ, போயிட்டாரா!" என்று சுவரில் சாய்ந்தாள். "யாரும் போவலம்மா, பவுடரு" என்றேன். விளக்குமாற்றைத் தேடினாள். பூக்கடைக் கோவிந்தசாமியோ நான் வாயைத் திறக்கும் முன்னே முழம் போட ஆரம்பித்தான். "பூப்போர்வதானே பாய்? ஆளு ஒயரம் எவ்ளோ?"

அதோடு விட்டாயா? செத்தவர்களின் பிள்ளைகள் நம்பரையெல்லாம் தேடிப் பிடித்து, நூறு வீட்டுக்கும் வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கி, என் படம் போட்டு, மேலே ஸலாம், கீழே "நம்ம பாவா பாய், இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, அனைவரும் வருக" என்று எழுதினாய். பவுடர் கூட்டம் என்று ஒரு வார்த்தை இல்லை. "மொதல்ல ஆவலத் தூண்டணும் பெரியத்தா" என்றாயே, தூண்டிவிட்டாய்.

அஸருக்கு என் வாசலில் ஆறு பேர். நூறு வீட்டுச் சாவைச் சுமந்தவனுக்கு ஆறு பேர். கதவைத் திறந்தது நான். மஹ்பூபா ஏற இறங்கப் பார்த்து, "அப்ப யாருதான் போனது?" என்றாள். கோவிந்தசாமி கையில் பூப்போர்வை. "இத இப்ப யாருக்குப் போடறது பாய்?" என்று என்னையே கேட்டான். உயிரோடு இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்கள். சாவைக் கொண்டுபோன நாற்பது வருஷத்தில் ஒரு கதவும் சாத்தியதில்லை. பவுடர் கொண்டுபோன நான்கு நாளில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

ஆகவே அந்த லிஸ்ட்டை அழித்துவிடு. என் வாசலை மிதிக்காதே. என் மவுத்துக்கும் வராதே. உன் பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு, கோட்டு போடாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
பாவா (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அமுதவல்லி கேட்டாள், "நீங்க போனா யாரு பாய் போயி சொல்லுவா?" பள்ளிவாசலில் என் இடத்துக்கு யாரையும் வைக்கவில்லை. மைக்கில் சொல்கிறார்கள், டிவி சத்தத்தில் யார் காதிலும் விழுவதில்லை. நூறு வீடும் உன் போனில்தான் வரிசையாக இருக்கிறது. அழிக்காதே. நேரம் வந்ததும் பேரும் அடக்க நேரமும் மட்டும் போடு. ஆனால் இந்த முறை போனில் வந்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயே வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்காதே. பவுடர் பேச்சை எடுக்காதே. தொண்ணூற்றொரு பேர் மண்ணுக்குள். எட்டுப் பேர் கதவுக்குள். எனக்கென்று உயிரோடு மிச்சம் அந்த நூறாவது பேர்தான்: ஆசிப்.