காவிரிக்கு அடியில் ஓடிய லாரி

தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு எப்போதுமே சுலபமாக வந்ததில்லை. அன்றைக்குக் கையில் மைக் வேறு இருந்ததால், அது ஊருக்கே தெரிந்துபோனது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சேலத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்து, மூன்று பேராக வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். யமுனா புரோகிராம் எழுதுவாள். பிரபு படம் வரைவான். நான் நிறுவனர். (மற்ற இருவரும் வேலை செய்யும்போது பேசிக்கொண்டிருப்பவர் என்று பொருள்.) எங்கள் கேமில் சங்ககிரியில் லோடு ஏற்றி, கோயமுத்தூர் வரை லாரி ஓட்டிப் போக வேண்டும். சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஆனாலும் செல்போனில் அது நாங்களே எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. அடுத்து, டி.வி.யில் மாட்டி விளையாடும் கன்சோலுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருந்தோம். எப்போது வரும் என்று தினமும் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று, பல வருஷமாக வைத்திருந்த இன்ஜினை விட்டுவிட்டுப் புது இன்ஜினுக்கு மாறப்போவதாகச் சொன்னது. கேமில் இன்ஜின் என்றால் வெளிச்சம், மழை, வேகம், மோதல் எல்லாவற்றையும் பின்னால் இருந்து கவனித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள். அதை மாற்றினால் எழுதியதில் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். ரசிகர்களுக்கு அந்தக் கவலை ஏது? இணையமே கொண்டாடியது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. அன்று மத்தியானமே நேரலையில் உட்கார்ந்து, நாங்களும் இன்ஜினை மாற்றுகிறோம், மழை பெய்யும், ரோட்டில் தண்ணீர் நிற்கும், அதில் ஹெட்லைட் தெரியும் என்று அறிவித்துவிட்டேன்.

யமுனாவிடம் சொல்லவில்லை. ரசிகர்கள் போட்ட வாழ்த்துகளைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"ரெண்டு வருஷமா எழுதினதுங்க," என்றாள். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல், தொலைநோக்கு அது இது என்று ஏதோ உளறினேன். (நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்பா, நாங்கள் இன்ஜின் மாற்றுவதைக் கேள்விப்பட்டு, தனக்குத் தெரிந்த லாரி மெக்கானிக்கின் நம்பரை அனுப்பியிருந்தார்.)

எட்டு மாதம் போனது. மழை வந்தது, அதுவும் அழகாக வந்தது. மற்றதெல்லாம் பாதியில் நின்றது. ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பெரிய திரையில் கேமை ஓட்டிக் காட்டுவது என்று நானே முடிவு செய்தேன். மூன்று வாரம் தள்ளிப்போடச் சொன்னாள் யமுனா. புது இன்ஜினில் ரோடு பார்ப்பதற்குத்தான் ரோடு, குமாரபாளையத்துக்கு அப்புறம் காவிரிப் பாலத்துக்கு இன்னும் கெட்டித்தன்மை கொடுக்கவில்லை, லாரி ஏறினால் நிற்காது என்று விளக்கினாள். நானே ஓட்டுகிறேன், பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பா வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, அம்மாவையும் பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எடப்பாடியிலிருந்து கவிதா என்ற ரசிகை வந்திருந்தார். விசைத்தறியில் வேலை செய்பவர். எங்கள் இணையப் பக்கத்தில் அடிக்கடி எழுதுவார். அவர் கணவர் முருகேசன் அதே ரோட்டில் லாரி ஓட்டுகிறவர். கணவர் வண்டி எடுத்துப் போனதும் இவர் செல்போனில் எங்கள் கேமைத் திறந்து, இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருப்பார் என்று ஓட்டிப் பார்ப்பாராம். மழையில் ரோடு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டேன் என்கிறார், உங்கள் கேமில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அன்றைக்கு முருகேசனும் கூட வந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

கவிதாவை மேடைக்குக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தியதும் என் வாக்கெல்லாம் பறந்துவிட்டது. "நீங்களே ஓட்டுங்கக்கா," என்று கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த யமுனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கவிதா வேகமாக ஓட்டுவார், எங்காவது முட்டுவார், சிரித்து முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. அவரோ நிஜ டிரைவர் மாதிரி ஓட்டினார். இண்டிகேட்டர் போட்டார். பஸ்ஸுக்கு வழிவிட்டார். மழை பெய்தபோது வேகத்தைக் குறைத்தார். முருகேசன் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேர் மூச்சுவிடாமல் என் கேமைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றிருந்துவிட்டேன்.

பாலம் வந்தது. லாரி அதில் ஏறியது, அப்படியே இறங்கியது. பாலத்தின் வழியாகப் போய், காவிரித் தண்ணீரின் வழியாகப் போய், ஆற்றுக்கும் அடியில் ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத்துக்குள் சாயாமல் கவிழாமல் போய்க்கொண்டிருந்தது. வைப்பர் நிற்கவில்லை. கவிதா பிரேக் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். முருகேசன் தன்னை அறியாமல் வலது காலைத் தரையில் அழுத்துவதைப் பார்த்தேன்.

"இதுல இருந்து மேல வர முடியுங்களா?" என்று கவிதா என்னைக் கேட்டார்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், கணீரென்று சொன்னேன்: "இதுதானுங்க புது இன்ஜினோட சிறப்பு. காவிரிக்கு அடியிலயும் ஓட்டலாம்."

மண்டபம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். முருகேசன் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"போன ஐப்பசியில எங்க வண்டிக்காரரு ஒருத்தரு இப்பிடித்தானுங்க போனாரு," என்றார். "வேற பாலம். மழைதான்."

கோபமாகச் சொல்லவில்லை, தகவல் சொல்வது மாதிரி சொன்னார். கவிதா கன்ட்ரோலரை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அந்த விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது என்று முகம் சொன்னது. யமுனா எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"மன்னிச்சுக்குங்க. நாங்க இன்னும் பாலத்தை முடிக்கலீங்க," என்றாள்.

இவர் முடிக்க விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாங்க என்றாள். எட்டு மாதத்தில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பலமானது.

காவிரிக்கு அடியிலும் ஓட்டலாம் என்று நான் சொல்லும் வீடியோ இரண்டே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. மூன்றாம் நாள் எடப்பாடிக்குப் போனேன். கவிதா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். முருகேசன் வண்டியில் போயிருப்பதாகச் சொன்னார். முந்தின நாள் மழை வந்ததும் தானே போன் போட்டு எந்த இடத்தில் இருக்கிறேன் என்று சொன்னாராம். "பாலத்தைச் சரி பண்ணிட்டுச் சொல்லியுடுங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பழைய இன்ஜினுக்கே திரும்பிவிடலாமா என்று யமுனாவைக் கேட்டேன். கேட்டேன் என்பதே அவளுக்கு ஆச்சரியம். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். கேம் ஒன்றரை வருஷம் தாமதமாகக் கன்சோலுக்கு வந்தது. மழை சாதாரண மழைதான், தண்ணீரில் ஹெட்லைட் தெரியாது. அதற்குத் திட்டு வாங்கினோம், இன்றும் வாங்குகிறோம். அந்தக் காவிரிப் பாலத்தைப் பற்றியும் புகார் வருகிறது. என்ன வேகத்தில் போய் மோதினாலும் கைப்பிடிச் சுவரில் கீறல்கூட விழுவதில்லை, நம்பும்படி இல்லை என்கிறார்கள். யமுனா அதை மாற்ற மாட்டாள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. விசேஷங்களில் அப்பா என்னை அறிமுகப்படுத்தும்போது, காவிரிக்கு அடியில் லாரி ஓட்டினவன் என்றுதான் சொல்கிறார். காரில் பவானி கூடுதுறைக்குப் போகும்போது, குமாரபாளையம் தாண்டியதும் அம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, "சாமி, ரோடு போட்டிருக்குதான்னு பாத்துப் போ," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் ஏதாவது லாரி வந்தால் டிரைவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன். முருகேசனாக இருந்தால் கையசைக்கலாமா கூடாதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.