றஞ்சனியின் மௌன செபம்

'கமலினி சமையலறைக் கதவைத் திறந்தபோது மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன.'

இரண்டாம் அத்தியாயத்தின் இந்த ஒரு வசனத்தை எத்தனை தடவை வாசித்திருப்பாள் என்று றஞ்சனிக்கே கணக்கில்லை. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்புவிப்பாள். ஆனால் அந்தக் கோப்பைகளுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அடுத்த வசனத்துக்குப் போக ஊர் அவளை விட்டால்தானே.

"றஞ்சனி அக்கா, சும்மாதானே இருக்கிறியள்?"

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுசிலாவின் தலை எட்டிப் பார்த்தது.

"புத்தகம் வாசிக்கிறன்."

"அதுதானே சொல்லுறன். சும்மா இருக்கிற நேரம் இஞ்சால வாங்கோவன், இந்த இறாலை உரிச்செடுப்பம்."

றஞ்சனி புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போனாள். வேறென்ன செய்வது? அந்தக் கரையோரத்தில் கையில் வலை இருந்தால் வேலை, அகப்பை இருந்தால் வேலை, கைபேசி இருந்தால்கூட வெளிநாட்டுக் கதை. புத்தகம் இருந்தால் மட்டும் அது சும்மா இருப்பது.

எல்லாம் நூலகங்கள் கொண்டாடுகிற வாசிப்பு மாதத்தால் வந்த வினை. அரசாங்கக் கச்சேரிக்கு ஓர் அலுவலாய்ப் போனவள், வெயில் தாங்காமல் நூலகத்துக்குள் ஒதுங்கினாள். அங்கிருந்த பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து, "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் வாசியுங்கோ அன்ரி. பிறகு விடவே மனம் வராது" என்று சொல்லி, உறுப்பினர் அட்டையும் எழுதி, மொத்தமான ஒரு மர்ம நாவலையும் கையில் தந்துவிட்டது.

மலைநாட்டில் ஒரு பங்களா. அங்கே வசதியான ஒரு பெரியவர். அவருடைய தேநீரில் யாரோ நஞ்சைக் கலந்துவிட்டார்கள். பழியோ வேலைக்கு வந்த கமலினியின் தலையில். பஸ்ஸிலேயே முதல் அத்தியாயத்தை முடித்துவிட்ட றஞ்சனி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் இறங்கினாள். அவ்வளவு பிடித்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் படிக்கவென்று வவுனியாவுக்குப் போனபின் வீடு வெறுமையாய்க் கிடந்தது. கலியாணம் கட்டி வந்ததிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டறியாதவள் அவள். இப்போது அரை மணித்தியாலம் கேட்டாள். அதை அவள் உயிரைப்போல விரும்பினாள்.

முதலில் குசினிக்குள் வைத்து வாசித்துப் பார்த்தாள். கமலினியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போன அதே நேரத்தில் பாரைமீன் குழம்பு அடிப்பிடித்தது. கணவன் மத்தேயு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதை மீனெண்டு நான் கடலில பிடிச்சனானோ, கரியெண்டு காட்டில வெட்டினனானோ?"

அடுத்ததாகத் தலையிடி என்று சொல்லி அறைக்குள் படுத்தாள். போர்வைக்குள் புத்தகம். அதைக் கேள்விப்பட்ட சுசிலா கொத்தமல்லித் தண்ணியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி இருந்து, தங்கள் தங்கள் தலையிடிக் கதைகளைச் சொன்னார்கள். மத்தேயு மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வாசலில் நிறுத்திவிட்டு, "எழும்பு, ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்று நின்றான். கடைசியில் றஞ்சனிக்கு உண்மையாகவே தலையிடித்தது.

அன்று இரவுச் செபத்தின்போதுதான் அவளுக்கு மூளையில் மின்னியது. மாதா சுரூபத்துக்கு முன்னால் அவள் செபப்புத்தகத்தோடு இருந்தபோது, மத்தேயு சத்தம் போடவில்லை. வேலிக்கு அங்கால் "அக்கா" என்று தொடங்கிய சுசிலாவும் இவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். செபிக்கிற பெண்ணைக் கூப்பிட அந்தக் கரையில் ஒருவருக்கும் நா எழும்பாது.

மறுநாள் பின்னேரம் பழைய செபப்புத்தகத்தின் கறுப்பு உறையைக் கழற்றி நாவலுக்குப் போட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

"மாதாவே, குறை நினையாதேயும். அரை மணித்தியாலம்தான்" என்று சிலுவை போட்டுவிட்டுப் பாயில் சப்பணம் கட்டி இருந்தாள்.

தேத்தண்ணி கேட்டு இரைந்துகொண்டு வந்த மத்தேயு, இவளைக் கண்டதும் பூனைபோலப் பின்வாங்கினான். குசினிக்குள் பாத்திரங்கள் உருண்டன. கலியாணம் கட்டி முதல் தடவையாக அவனே தேத்தண்ணி போட்டுக் குடித்தான். சீனிப் போத்தலைக் கண்டுபிடிக்க மாட்டாமல் வெறுந்தேத்தண்ணியாய்க் குடித்தான் என்பது வேறு விசயம்.

றஞ்சனிக்குச் சொர்க்கமே வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. பக்கம் பக்கமாகப் பறந்தாள். பெரியவரின் தம்பிக்காரனில் அவளுக்குச் சந்தேகம். அடுத்த நாள் அந்த வீட்டு டொக்டரில் சந்தேகம். அதற்கடுத்த நாள் மறியற்சாலைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற கமலினியைத் தேடி ஒருவருமே வரவில்லை என்று வாசித்தபோது, றஞ்சனியின் கண்ணால் தண்ணீர் கொட்டியது.

அதை யன்னலால் சுசிலா பார்த்துவிட்டாள். பிறகென்ன.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி தனியே கண்ணீர் விட்டுச் செபிக்கிறாள் என்றால் அவளைத் தனிய விடமாட்டார்கள். என்ன கஷ்டம், ஏது கஷ்டம் என்று கேட்கவும் மாட்டார்கள். பின்னால் வந்து முழந்தாளில் நிற்பார்கள். நல்ல வழக்கம்தான். மற்றவர்களுக்கு.

மறுநாள் சுசிலா வந்து நின்றாள். அடுத்த நாள் சுசிலாவின் மச்சாள்மார். அதற்குப் பிறகு மரியநாயகி அக்காவும் வந்தா. தெருக்கோடியில் தனியே இருக்கிறவா, ஒருவரோடும் அதிகம் கதையாதவா.

"அக்கா, செபமாலையைத் தொடங்குவமே?" என்று சுசிலா கேட்டாள்.

றஞ்சனி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது வேற செபம் சுசிலா. வாய் திறக்கக்கூடாது. மௌன செபம்."

இத்தோடு அலுத்துப்போய்ப் போய்விடுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படியொரு செபத்தை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மறுநாள் இன்னும் ஆட்கள் கூடினார்கள். விறாந்தையில் செருப்புகள் குவிந்தன.

அவர்களுடைய பக்தியைப் பார்க்க றஞ்சனிக்கு வெட்கமாய் இருந்தது. அவள் கால் நோகாமல் பாயில் இருக்க, அவர்கள் கடைசிவரை முழந்தாளிலேயே நின்றார்கள். அவளுக்கு நேர் பின்னால் நிற்கிற இடத்துக்குச் சண்டை நடந்தது.

"நேற்றும் நீதானே முன்னுக்கு நிண்டனி. இண்டைக்கு எனக்கு விடு."

"முந்தி வந்தவைக்குத்தான் முன்னிடம்."

மரியநாயகி அக்கா செபத்துக்கென்றே புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தா. மாதாவின் முகத்தை வடிவாய்ப் பார்க்க ஆசையாக்கும் என்று றஞ்சனி மனம் உருகினாள். அவளுடைய கழுத்தடியில் மூச்சுக்காற்றுப் படும். பின்வரிசையில் மெல்லிய முணுமுணுப்புக் கேட்கும். இடையிடையே எல்லோரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். பாவிகள், என்னை நம்பி இப்படி உருகுதுகளே என்று அவளுக்கு நெஞ்சு குத்தும். குத்தினாலும் வாசிப்பை விட முடியவில்லை. அந்தப் பிள்ளை சொன்னது சரிதான், பழகிவிட்டது.

ஒருநாள் மனச்சாட்சி உறுத்தவே, வாசிக்கத் தொடங்கிய கையோடு புத்தகத்தை மூடினாள்.

"என்னக்கா, இண்டைக்கு இவ்வளவுதானோ?" சுசிலாவின் முகம் வாடிப்போயிற்று. "எங்களுக்குக் காணாமல் கிடக்கு, இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்."

றஞ்சனி திரும்பவும் திறந்தாள்.

இதற்கிடையில் மத்தேயுவின் வலையில் நல்ல மீன் பட்டது. பருவகாலத்தில் எல்லோருக்கும் படுகிற மீன்தான். மத்தேயு கேட்பானா? "எல்லாம் என்ர மனிசியின்ர மௌன செபம்" என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான். சொன்னதோடு நிற்காமல் பங்குக் குருவையும் போய்க் கூப்பிட்டுவிட்டான்.

ஃபாதர் வந்த நாள்தான் நாவலின் கடைசி அத்தியாயம். மறுநாள் புத்தகத்தை நூலகத்தில் கொடுத்தாக வேண்டும். நீதிமன்றத்தில் கமலினியின் வழக்கறிஞர் எழும்பி நின்று தொண்டையைச் செருமுகிறார். இந்தா, ஆள் யாரென்று சொல்லப்போகிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது.

"எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ. நானும் சேர்ந்து செபிக்கத்தான் வந்தனான்." ஃபாதர் கதவடியில் கைகூப்பி நின்றார். "ஒரு சின்ன ஆசை அம்மா. இண்டைக்கு மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோவன்."

றஞ்சனி குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரேயொரு வசனம்: 'நீதிபதி அவர்களே, இந்தப் பெண் குற்றமற்றவள்.'

"ஆண்டவரே," என்று தொடங்கினாள், "இந்தப் பெண் குற்றமற்றவள்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பின்னாலிருந்து ஒரே குரலாய் எழுந்தது. கூரைத்தகடு அதிர்ந்தது. யாரோ விம்மினார்கள்.

ஃபாதர் வியந்துபோனார். "சொல்லுங்கோ அம்மா, சொல்லுங்கோ."

அடுத்த வசனம் அதைவிட மோசம். வேறு வழியில்லை.

"நஞ்சைக் கலந்தவர்... இந்த இடத்திலேயே இருக்கிறார், ஆண்டவரே."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஃபாதர் ஒருகணம் திடுக்கிட்டார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"எவ்வளவு ஆழமான வார்த்தை. ஓம், நஞ்சு வேற எங்கயும் இல்லை. என்ர மனசிலயும் இருக்கு, உங்கட மனசிலயும் இருக்கு." அவருடைய கண் கலங்கிவிட்டது. "வாற ஞாயிறு பூசையில இதைத்தான் பிரசங்கமா வைக்கப்போறன். மற்றப் பங்குச் சனத்தையும் கூட்டிக்கொண்டு வாறன். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டு, அடுத்த கோயிலில் பூசைக்கு நேரமாகிறது என்று ஃபாதர் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார். மத்தேயு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படலைவரை போய் வழியனுப்பினான்.

றஞ்சனி அரை மணித்தியாலத்துக்காகச் சொன்ன பொய், இப்போது பிரசங்கத்துக்குப் போகப்போகிறது. இனியும் ஒருநாள் இதை நடத்தினால் மாதா மன்னித்தாலும் அவளால் தன்னை மன்னிக்க முடியாது. முடிவு தெரியாமலே புத்தகத்தை நாளைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். கமலினி தூக்குமேடைக்குப் போனால் போகட்டும். நினைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

கறுப்பு உறையை இறுக்கி மூடினாள். மெல்லத் திரும்பி, தன்னை நம்பி முழந்தாளில் நிற்கிற அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"இண்டையோட மௌன செபம் முடிஞ்சுது. நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம். எல்லாரும் வீட்டை போங்கோ."

ஒருவரும் அசையவில்லை. சுசிலா மரியநாயகி அக்காவைப் பார்த்தாள். மச்சாள்மாரும் மரியநாயகி அக்காவைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் வாயே திறக்காத மரியநாயகி அக்கா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னா:

"புத்தகத்தைத் திற பிள்ளை, அந்த மனுசனுக்கு நஞ்சு வைச்சது தம்பிக்காரனோ டொக்டரோ எண்டு தெரியாமல் நாங்கள் என்னெண்டு வீட்டை போறது?"