ஆடாத மேசை

எட்டாவது தடவையும் படம் கலங்கலாக வந்தபோது, றம்ஸியா நுணுக்குக்காட்டியைப் பார்த்து, "உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று கேட்டே விட்டாள்.

துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடல் ஆய்வுகூடத்துக்கு முந்தாநாள் வந்த இயந்திரம் அது. பாசியின் ஒற்றைக் கலத்துக்குள் நடப்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஆயிரம் படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க இருபது நிமிடம் வேண்டும். அதற்குள் துளி அசைந்தாலும் எல்லாம் கஞ்சிதான். இன்று நாலு மணிக்குள் தலைமையகத்துக்கு ஒரு தெளிவான படம் அனுப்பாவிட்டால் இயந்திரம் கண்டி ஆய்வுகூடத்துக்குப் போய்விடும். றம்ஸியாவின் மூன்று வருட ஆராய்ச்சியும் அதோடு சரி.

"இதோட வந்த மேசைக் காலுக்குள்ள காத்து அடைச்சிருக்கு, மேசை மிதக்கும், அதிர்வே ஏறாது எண்டெல்லாம் சொன்னாங்களே?" என்றார் பொறுப்பாளர் றுவைஸ். துப்புரவு வேலை செய்யும் திரேசம்மா, தூசி படக்கூடாதென்று அந்த மேசையைச் சுற்றி நிலம்வரை துணி தொங்கவிட்டிருந்தார்.

"அதுதான் சேர் விளங்கேல்ல. வேகமா எடுத்துப் பாப்பம்."

இரண்டே நிமிடத்தில் எடுத்தாள். படம் முழுக்கப் புள்ளி. வெளிச்சத்தைக் கூட்டினாள். பாசிக்கு ஏற்றிய நிறம் வெளிறிப் போனது. புதுப் பாசி வைத்து, ஏசிதான் அதிருதோ என்று அதை நிறுத்தினாள். இயந்திரம் சூடேறித் தானும் நின்றது.

அது ஆறியதும் றுவைஸ், "இனி ஒருத்தரும் நடக்கப்படாது!" என்று சத்தம் போட்டார். திரேசம்மா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். றுவைஸ் மட்டும் ரோட்டுக்கு ஓடி, நிலாவெளி பஸ்ஸை மறித்தார்.

"என்ன சேர், குண்டா?" என்றான் கொண்டக்டர்.

"இல்லப்பா. உள்ள ஒரு பாசியைப் படம் எடுக்கிறம்."

அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் பாசி பார்க்க இறங்கி, தடதடவென்று உள்ளே வந்துவிட்டார்கள்.

மணி மூன்றரை. றம்ஸியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரேசம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தும்புத்தடியை இறக்கிவிட்டுக் கிட்ட வந்தார்.

"அழாதேங்கோ மிஸ். வந்த அண்டைக்கே பாத்தன், இந்த மேசை தொட்ட பக்கமெல்லாம் ஆடிச்சுது. நான்தான் நாலு காலுக்கும் பலகைக்கட்டை அடிச்சு இறுக்கினனான். இல்லாட்டி இண்டைக்கு இன்னும் எவ்வளவு ஆடியிருக்கும்!"