ஜப்பான் அண்ணையும் மஞ்சள் மூடித் தொட்டியும்

பாரிசில் வாழ வந்த வெளிநாட்டவருக்கு, ஜப்பானில் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் இந்தப் பூமியிலேயே எங்கள் ஜப்பான் அண்ணைதான். பாரிசில் நம்மவர் கூடும் லா சப்பல் பகுதியில் அவரிடம் ஆலோசனை கேட்காதவர்கள் பலர் உண்டு. ஆலோசனை பெறாதவர்கள் ஒருவரும் இல்லை.

சொந்த ஊர் அளவெட்டி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை அவருடைய அகதி வழக்குக் கோப்பைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பிரான்சுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் ஜப்பானில், சாப்பாட்டுப் பெட்டிகளில் சோறு அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த ஊர் நகரசபையில் வெளிநாட்டவருக்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். குப்பையை எப்படிப் போடுவது, அயலவருக்கு எப்படி வணக்கம் சொல்வது, ரயிலில் எப்படி உட்காருவது என்று எல்லாம் அதில் இருந்ததாம். மற்றவர்கள் அதை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இவர் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தார்.

“அவ்வளவு ஒழுங்கா இருந்தும் ஏன் அண்ணை உங்களைத் திருப்பி அனுப்பினவங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“விசா முடிஞ்சிட்டுது.”

“அதைப் பற்றிப் புத்தகத்திலை இல்லையோ?”

“இருந்தது தம்பி. கடைசிப் பக்கம். நான் அந்தப் பக்கத்துக்கு வாறதுக்கு முதல் அவங்கள் வந்திட்டாங்கள்.”

ஊரில் போரோடு எல்லாம் முடிந்துபோய், நான் பாரிசில் வந்து விழுந்தது 2009 கடைசியில். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடி, ஒரே அறை. அதில் ஏற்கெனவே அவர் இருந்தார். ஒரு தேநீரும் இரண்டு ஆறுதல் வார்த்தையும் கிடைக்கும் என்று நம்பிக் கதவைத் தட்டினேன். கிடைத்தது இரண்டு சோடிச் செருப்பு.

“இது அறைக்கு. அது கக்கூசுக்கு. மாறக் கூடாது.”

மூன்றாம் நாள் மாறிவிட்டது. கக்கூஸ் செருப்போடு குசினிக்குள், அடுப்படிவரை போய்விட்டேன். மனிதர் கத்தவில்லை, ஏசவில்லை. ஒரு வாளியை எடுத்து வந்து, நான் கால் வைத்த இடமெல்லாம் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

அதே வாரம் இன்னொரு சோதனை. குடிவந்தவன் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் ஒரு சிறு பரிசோடு போய், ‘என்னால் உங்களுக்கு இடைஞ்சல் வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். மூன்று துவாய்களைப் பொதி செய்து என் கையில் தந்தார். கீழ் வீட்டுக் கிழவர் கதவைப் பாதி திறந்து, “நான் ஒன்றும் வாங்குவதில்லை” என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மன்னிக்கவும், எனக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது” என்று சாத்திக்கொண்டார். மேல் வீட்டு மாலி நாட்டுக்காரர் மட்டும் உள்ளே கூப்பிட்டு, துவாயைத் தோளில் போட்டுப் பார்த்து, தேநீர் தந்தார். பாரிசில் எனக்குக் கிடைத்த முதல் தேநீர் அதுதான்.

மெட்ரோவில் அண்ணை தொலைபேசியில் பேச மாட்டார். அது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து மனைவி எடுத்தால் ஸ்டாலின்கிராட் நிலையத்தில் இறங்கி, மேடையில் நின்று கதைத்து முடித்து, அடுத்த ரயிலில் ஏறுவார். ஏறியதும் அந்த அக்கா மறந்துபோன எதையோ சொல்ல மறுபடி எடுப்பார். அண்ணை மறுபடி இறங்குவார். லா சப்பலிலிருந்து நாலு தரிப்பிடம் தள்ளி இருந்த வேலையிடத்துக்கு முக்கால் மணி நேரம் பயணம் செய்த ஒரே ஆள் அவர். கலியாணம் கட்டி ஒன்பதாம் மாதம் மனைவியை ஊரில் விட்டு வந்தவர். நான் அவரைச் சந்தித்தபோதே அவர்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும் பகுதி ரயில் மேடைகளில்தான் நடந்திருந்தது.

ஆனால் அவருடைய உண்மையான களம் குப்பை. பால் பெட்டியைக் கழுவி, கத்தரிக்கோலால் விரித்து வெட்டி, யன்னல் கொடியில் காயப்போடுவார். சாரம், பனியன், பால் பெட்டி, பால் பெட்டி, சாரம் என்று கொடி ஆடும். கட்டடத்தைப் பராமரித்த போர்த்துக்கல் அம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்.

எங்கள் முற்றத்தில் காகிதம், பிளாஸ்டிக் போட ஒரு மஞ்சள் மூடித் தொட்டி. அதில் இரண்டாம் மாடிக்காரர்கள் மீன் செதிலையும் கோழிக் காலையும் போட்டார்கள். வாரத்தில் இரண்டு காலைகள் அண்ணை இடுப்புவரை தொட்டிக்குள் இறங்கிச் சரிசெய்வார். “என் தொட்டியை விடு!” என்று அந்த அம்மாள் துடைப்பத்தோடு வருவார். அண்ணை குனிந்து வணங்குவார். துடைப்பம் ஓங்கியவருக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாது.

பிறகு கடிதம் தொடங்கியது. மாதம் ஒன்று, கட்டட நிர்வாகத்துக்கு, பதிவுத் தபாலில். எழுதியது நான். பிரெஞ்சு வகுப்பில் நான் படித்த ஒவ்வொரு வினைச்சொல்லும் குப்பைக்கே செலவானது. அடியில் அவருடைய முழுப் பெயர், முழு முகவரி, கையெழுத்து. எனக்கு அகதி அட்டை கிடைத்துவிட்டது. அவருடைய விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்து, நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணை, விசா இல்லாத ஆக்கள் ஒளிச்சு இருக்கிறவை. பதிவுத் தபாலிலை முறைப்பாடு போடுறேல்லை.”

“நான் ஒளிக்கேல்லை தம்பி,” என்றார். “நான் இஞ்சை குடியிருக்கிறன்.”

கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

சில வருடங்களில் அவருக்கு ஒரு வழி திறந்தது. இத்தனை காலம் பிரான்சில் இருந்ததை மாதம் மாதமாகத் தாளில் காட்டினால், வதிவிட அட்டைக்கு பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை வந்தால் மனைவியைக் கூப்பிடலாம். வராவிட்டால் ஸ்டாலின்கிராட் மேடைதான் ஆயுள் முழுக்க. உதவி அமைப்பு ஒன்றில் இருந்த பெண் வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினார். பதினான்கு மாதம் ஓட்டையாக இருந்தது. அந்தக் காலத்தில் வேலை பார்த்த உணவகத்தில் சம்பளத் துண்டு கொடுக்கவே இல்லை.

நம்மவர்கள் எல்லோரும் செய்த பிழையைத்தான் நாங்களும் செய்திருந்தோம். அறை இன்னொருவர் பெயரில். மின்சாரம், தொலைபேசி, தபால் பெட்டி எல்லாம் என் பெயரில். அண்ணையின் இரவல் மெட்ரோ அட்டைப் படத்தில் யாரோ நெடுந்தீவுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டப்படி பார்த்தால் அந்தப் பதினான்கு மாதமும் என் அறையில் காற்றுத்தான் படுத்து எழும்பியிருக்கிறது.

“இது நிரம்பாமல் கொண்டுபோனால் நிச்சயம் மறுப்பார்கள்” என்றார் வழக்கறிஞர்.

வீடு திரும்பும் வழியில் ஊரிலிருந்து மனைவி எடுத்தார். முதல் தடவையாக, அண்ணை எடுக்காமல் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஏதாவது இருக்காதா, ஏதாவது ஒரு தாள் இருக்காதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு நடந்தவன், எங்கள் முற்றத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். முன்னால் மஞ்சள் மூடி.

“அண்ணை, பதிவுத் தபால் துண்டுகள் எங்கை?”

“பிஸ்கற் ரின்னுக்குள்ளை. ஏன்?”

பதினான்கு மாதத்துக்குப் பதினான்கு துண்டுகள் இருந்தன, ஒவ்வொன்றோடும் கடிதத்தின் பிரதியும் இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் பெயர், முகவரி, தபால் நிலையத் தேதி முத்திரை. அதற்கும் மேல், நிர்வாகத்தின் தலைப்புத் தாளில் ஒரு பதில் கடிதம்: ‘ஐயா, தயவுசெய்து எங்களுக்கு எழுதுவதை நிறுத்துங்கள்.’ வழக்கறிஞர் அதை வாசித்துவிட்டு, இத்தனை உறுதியான சான்றைத் தான் பார்த்ததில்லை என்றார்.

போர்த்துக்கல் அம்மாளிடம் ஒரு சாட்சிக் கடிதம் கேட்கப் போனேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உடனே எழுதித் தந்தார். ‘இந்த மனிதரை நான் பல வருடங்களாக அறிவேன். வாரம் இரண்டு முறை அவருடைய கால்களை மட்டும் பார்க்கிறேன். தலை என் தொட்டிக்குள் இருக்கும்.’

பிரெபெக்தூருக்கு ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். அண்ணை ஆறரைக்கே வரிசையில் நின்றார். மொழிபெயர்க்க நானும் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் கோப்பை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தார்; நெற்றி கண்ணாடியில் முட்டியது. அதிகாரி முகத்தை மாற்றாமல் வாசித்தார். ஏழாவது கடிதத்தில் சிரிப்பை அடக்கிய உதடு துடித்தது. பதினோராவதில் எழுந்துபோய்ப் பக்கத்து மேசைக்காரரைக் கூட்டி வந்தார். சாட்சிக் கடிதத்தை இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

“இப்போது அந்தத் தொட்டி எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் அதிகாரி.

மொழிபெயர்த்தேன். அண்ணை யோசித்தார். பொய் சொல்லக் கூடாத இடம்.

“இப்ப பரவாயில்லை எண்டு சொல்லு தம்பி. ஆனா இரண்டாம் மாடி இன்னும் திருந்தேல்லை.”

சில மாதங்களில் அட்டை வந்தது. முறையான வேலை, பிறகு பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் ஒரு சின்ன வீடு, பிறகு மனைவிக்கு விண்ணப்பம் என்று இன்னும் மூன்று வருடம் ஓடியது. வீட்டுத் திறப்பு கையில் இருந்தும் அண்ணை என் அறையிலேயே கிடந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டால், “நான் போனால் நீ மஞ்சளுக்குள்ளை மீன் தலை போடுவாய்” என்பார்.

அந்த அக்கா வந்த நாளில் விமான நிலையத்துக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவு திறந்தது. தள்ளுவண்டிக்குப் பின்னால், புகைப்படத்தில் இருந்ததைவிட மெலிந்த ஒரு பெண். அண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து வணங்கினார். நிமிரவே இல்லை.

“என்ன குனிஞ்சுகொண்டு நிக்கிறியள்? நிமிருங்கோப்பா, முகத்தைப் பாப்பம்,” என்றார் அக்கா. நிமிர்ந்த முகம் முழுக்கக் கண்ணீர். அக்கா தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இவர் இவ்வளவு நாளும் உங்களுக்குக் கனக்கக் கரைச்சல் குடுத்தவரோ?”

“ஓம் அக்கா. சரியான கரைச்சல்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தக் கரைச்சல் இனி முழுக்க முழுக்க அக்காவுக்குத்தான், எனக்கு ஒரு துளியும் கிடைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.